அவிழ்க்காத காப்பு

4 மார்ச் 1978
மதுவிலக்கு அமலில் இருக்கிறது. எங்கள் ஊரில் சாராயம் விற்பவர்களுக்கும் சட்டத்தின்மேல் மரியாதை உண்டு; பொழுது சாய்ந்த பிறகே விற்கிறார்கள்.
இன்று பள்ளிக்கூடத்தில் ஊராரைக் கூட்டி, குடியின் தீமைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். முன்வரிசையில் பக்கத்துத் தெரு இருசப்பனும் அவன் குடிக்கூட்டாளி சுப்பனும். சுப்பன் தூங்கினான். இருசப்பன் பலமாகக் கைதட்டினான். நடுக்கத்தில் தட்டல் நிற்கவே இல்லை.

7 மார்ச்
இருசப்பன் ரத்த வாந்தி எடுத்தான். அவன் மனைவி ஆதிலட்சுமி பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். "இன்னொரு தபா குடிச்சா, புள்ளைங்கள இட்டுகினு கீழ்பென்னாத்தூர்ல எங்கம்மா ஊட்டுக்கே போயிடுறேன் வாத்தியாரே."
என் பேச்சு — யாருக்காகப் பேசினேன்?
ஆறுதலுக்கு நல்ல மேற்கோள் ஒன்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி குசுமாவதி அதற்குள் வண்டி பிடித்துவிட்டாள்.

8 மார்ச்
திருவண்ணாமலை ஆஸ்பத்திரி. "ஊட்ல வச்சு திடீர்னு நிறுத்துனா வலிப்பு வரும், இங்கயே இருக்கட்டும்" என்றார் டாக்டர். எங்கள் ஜைனர் தெருவும் அவர்கள் தெருவும் முறைவைத்துத் துணைக்கு இருக்கிறார்கள். இரு தெருக் கஞ்சியும் ஒரே பஸ்ஸில் போகிறது. எந்த மாநாடும் இதைச் சாதித்ததில்லை.

21 மார்ச்
நாளை வீடு திரும்புகிறான். தீமிதிக்குக் காப்பு கட்டிய எவனும் அதை அவிழ்க்கும்வரை குடிக்கமாட்டான், அம்மன் பயம். குசுமாவதி பூசாரி அப்பாதுரையிடம் போனாள்.
"தீமிதிக்கு ரெண்டு மாசம் கீதேம்மா!"
"இப்பவே கட்டுங்க."
"மொறை இல்லியே."
"அம்மன் கேட்டா, ஜெயின் ஊட்டுப் பொம்பளைக்கு மொறை தெரியலைன்னு சொல்லிடுங்க."
கட்ட ஒப்புக்கொண்டார்.

2 ஏப்ரல்
பொழுது சாயும் நேரம்தான் ஆபத்து. நாங்களோ இருட்டுமுன் சாப்பிட்டு முடிப்பவர்கள். அதனால் இருசப்பனுக்கும் எங்கள் வீட்டில் இலை.
"பூண்டு இல்ல, வெங்காயம் இல்ல. ஆஸ்பத்திரி கஞ்சியே தேவலாம்" என்றான், மூன்றாம் முறை சோறு வாங்கியபடி.

22 மே
தீமிதி முடிந்தது. பூசாரி எல்லோருக்கும் காப்பை அவிழ்த்தார். இருசப்பன் கையை நீட்டியதும், "உனக்கு அம்மன் இன்னும் உத்தரவு குடுக்கலப்பா" என்றார். ஊரே ஆமாம் என்றது. இத்தனை பேர் இவ்வளவு ஒழுங்காகச் சேர்ந்து பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. பெருமையாக இருந்தது.
ஆதிலட்சுமியின் பெட்டி மட்டும் வாசலிலேயே.

9 ஆகஸ்ட்
மாலை இருசப்பன் சாப்பிட வரவில்லை. இலை காய்ந்தது. ஆதிலட்சுமி தெருமுனையில் நின்றாள். சாராயக் கொட்டகையில் தேடினேன் — இல்லை. கோயிலில் இருந்தான். களை வெட்டும்போது காப்பு அறுந்துவிட்டதாம். அறுந்ததை யாரும் பார்க்கவில்லை.
"வேற கட்டு பூசாரி."
அப்பாதுரை நூலை எடுத்தார்.
"ரெண்டா எடு. சுப்பன் வெளிய நிக்கிறான்."

10 ஆகஸ்ட்
பெட்டி பரணில் ஏறிவிட்டது. எங்கள் வீட்டில் இன்னொரு இலை. சுப்பனுக்கும் பூண்டு இல்லாததுதான் குறை.