வாத்துக்கால்

மார்ச் 4
கால் இன்றைக்கும் மரத்துக் கிடக்கிறது. பஞ்சின் மேல் நடக்கிற மாதிரி. சர்க்கரைக்காரிக்கு இதெல்லாம் சகஜம் என்று இருந்துவிட்டேன்.
வீட்டுக்காரர் உயிரோடு இருந்த காலத்தில், தையல் கம்பெனியில் நாளெல்லாம் மிஷின் மிதித்துவிட்டு வருவேன். அவர் வெந்நீர் வைத்திருப்பார். முதலில் தன் முழங்கையை விட்டுப் பார்ப்பார், அப்புறம்தான் என் காலை விடச் சொல்வார். காலோடு மனசும் இளகும்.
இன்றைக்கு நானே ஒரு வாளி வைத்துக் காலை விட்டேன். சூடே தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டேன். கண்ணை மூடினால் அவர் பக்கத்தில் இருக்கிற மாதிரியே —

மார்ச் 5
லீவுக்கு வந்திருக்கிற பேத்திதான் பார்த்துக் கத்தினாள். வலது உள்ளங்காலில் பெரிய கொப்புளம். வெந்திருக்கிறது, வலிக்கவில்லை. இது என்ன கூத்து?

மார்ச் 6
ஆஸ்பத்திரி. டாக்டரம்மா திட்டினாள். "சர்க்கரை வருஷக்கணக்கா ஏறிக் கிடந்தா கால் நரம்பு கெட்டுப்போகும் பாட்டிம்மா. சூடு தெரியாது, முள்ளு தெரியாது. புண்ணு ஆறலேன்னா விரலை எடுக்க வேண்டி வரும்."
மாத்திரை தவறக்கூடாது. தட்டில் பாதி காய், சோறு கால்வாசிதான். வெந்நீர் பக்கமே போகக்கூடாது. தினமும் யாராவது உள்ளங்காலைப் பார்க்கணும். எனக்கு இடுப்பு வளையாது, கண்ணும் மங்கல். மகள் விடியுமுன் வேலைக்கு ஓடுகிறாள். பேத்தி விடுதிக்குத் திரும்பிவிடுவாள்.
"கீழ்வீட்டுப் பெரியம்மாவைக் கேக்கட்டுமா?" என்கிறாள் மகள்.
அவளையா! என் புருஷனோட அண்ணன் பெண்டாட்டியையா! கல்யாணமாகி இந்த வீட்டு வாசலில் நான் முதல் அடி வைத்தபோது, அத்தனை பேர் முன்னால், "என்னடி இது, வாத்துக்காலு!" என்று சிரித்தவள். அன்றைக்கு அவள் கட்டியிருந்தது பச்சைச் சேலை, முந்தானையில் கிழிசல். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. அவ கண்ணுல என் காலு படக்கூடாது. விரல் போனா போகட்டும்.

மார்ச் 7
எழுதுவது சுலபம்.
காலையில் வராண்டாவில் நின்றேன். மழை பெய்து ஓய்ந்தால் அந்த சிமெண்ட் தரை எப்படிக் குளிரும்! மகள் வயிற்றில் இருந்தபோது வெறுங்காலோடு அதில்தான் நடப்பேன். குளிர் உச்சந்தலை வரை ஏறும். நேற்றும் மழைதான். தரை அதே தரை. நான்தான் எங்கேயோ போய்விட்டேன்.
இருக்கிற காலையாவது வைத்துக்கொள்ள வேண்டாமா? மகளிடம் சொன்னேன்: கூப்பிடு.

மார்ச் 9
வந்தாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என் காலைத் தூக்கி மடியில் வைத்தாள்.
"வெந்நீர் வச்சியாமே? கொழுந்தனாரு செல்லம் குடுத்தே உன்னைக் கெடுத்துட்டாரு."
"வந்த வேலையைப் பாருங்கக்கா."
"பாத்துட்டுதானே இருக்கேன். இவ்ளோ பெரிய காலு, ஒரே நாள்ல பாத்து முடியுமா?"
சிரிப்பு வந்தது. காட்டுவேனா?
நல்ல காலைக் கழுவத் தண்ணீர் எடுத்தாள். முதலில் தன் முழங்கையை விட்டுப் பார்த்தாள். அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? ஒரே கூரைக்குக் கீழே இருந்தவள்தானே, பார்த்திருப்பாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 21
காயும் வேகவைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். உப்பே இல்லை. சொல்லவும் சொன்னேன். "நாக்கு மட்டும் மரத்துப் போகலியே உனக்கு" என்கிறாள்.

ஏப்ரல் 2
புண் சுருங்கியிருக்கிறது. சர்க்கரையும் இறங்கியிருக்கிறது. விரல்கள் இருக்கும் என்றாள் டாக்டரம்மா. வெளியே வந்ததும் அக்கா ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள், சந்தையில் வெண்டைக்காய் பார்க்கிற மாதிரி.

ஏப்ரல் 23
புண் மூடிவிட்டது. நடக்கலாமாம்.
அக்கா மெத்தென்ற மூடின செருப்பு வாங்கி வந்திருந்தாள். "கடையில இருக்கறதுலயே அகலமானது குடுன்னேன். யாருக்கும்மான்னான். எங்க வீட்டு வாத்துக்குன்னேன்."
உள்ளே கையை விட்டுத் துழாவி, கல் கில் இல்லை என்று பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டேன். தெருமுனை வரை நடந்தோம். நான் முன்னால், என் காலைப் பார்த்தபடி அவள் பின்னால்.
"அன்னிக்குச் சொன்னேன்ல? அதே நடைதான்."
அதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கவும் மாட்டேன்.
பின்னால் அவளுக்கு மூச்சு வாங்குவது கேட்டது. திரும்பிப் பார்க்காமல் நடையைக் குறைத்துக்கொண்டேன்.