மடங்காத விரலும் நகராத அயனியும்

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் தம்பி எழுதுவது. எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் ஆசை, பொய்யில் தொடங்கினால் மிச்சத்தையும் நீ நம்ப மாட்டாய், அதனால் நீயாவது நலமாக இரு. (அக்கா, அடைப்புக்குள் வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு. அப்பாவுக்குத் தெரியாது.)

போனில் சொன்னால் நீ அழுவாய், அதனால்தான் கடிதம். நேற்று இரண்டு கையிலும் தீக்காயக் கட்டு மாற்றினார்கள். இடது கை தேறிவிடுமாம், வலது கை விரல்கள் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடைக்குப் பழுது பார்க்க வந்த மின்சார ஸ்கூட்டரின் பேட்டரி உப்பியிருக்கிறதே என்று வெளியே தூக்கிக்கொண்டு ஓடினேன், கடை வாசலைத் தாண்டுவதற்குள் உள்ளிருந்த திரவம் சீறிப் பற்றிக்கொண்டது. கடையைப் பூட்டியாயிற்று. உன் தம்பிதான் ஊட்டிவிடுகிறான், வாயைத் திறங்க, ஏரோப்ளேன் வருது என்கிறான், படவா. (முதல் நாள் சிரித்தார். இப்போது வாயை மட்டும் திறக்கிறார்.)

திரவமே இல்லாத பேட்டரி, கெட்டிப் பொருளுக்குள்ளேயே மின்சாரம் சுமக்கும் அயனி ஓடினால் தீப்பிடிக்காது என்றாய். எந்தப் பொருளில் ஓடும் என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க ஆயுசு போதாது, அணுக்கள் ஒன்றையொன்று இழுப்பதையும் தள்ளுவதையும் கணினிக்குக் கற்றுக்கொடுத்து அதற்குள்ளேயே ஓட்டிப் பார்க்கிறேன் என்றாய். போன வாரம் பேசும்போது குரலே இல்லை உனக்கு. கணினியில் குதிரையாய் ஓடிய அயனி ஆய்வுக்கூடத்தில் அதே பொருளை அழுத்திச் செய்த வில்லையில் நகரவே இல்லையாம். பழுதே இல்லாத படிகத்தைக் காட்டிக் கணினியைப் பழக்கிட்டேன்ப்பா, நிஜத்துல துகளும் துகளும் சேர்ற இடத்துல அயனி மாட்டிக்குது, மறுபடி முதல்லேர்ந்து சொல்லிக்கொடுக்கணும், என்னால முடியாது, மூட்டை கட்டிட்டு உங்ககிட்டயே வந்துடறேன் என்றாய்.

வராதே கண்ணு. நீ வந்தால் இந்த விரல் மடங்குமா? பழுதையும் சேர்த்துக் காட்டு, மெதுவாகக் கற்கட்டும். நானும் இந்த வயதில் இடது கையால் பட்டன் போடப் பழகிவிட்டேன். (சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். பட்டன் போட்டது நான். நீ வர வேண்டுமா வேண்டாமா என்று எனக்கும் தெரியவில்லை.)

நேரத்துக்குச் சாப்பிடு. நினைத்தது கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும். போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதே, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா

(கையெழுத்துக்காகப் பேனாவை அவர் விரலிடுக்கில் செருகிப் பார்த்தோம், நழுவி விழுந்தது. நீயே போடுடா, மார்க் ஷீட்டுல போட்டுப் பழகின கைதானே என்றார். இத்தனை நாளும் தெரிந்தே இருந்திருக்கிறார், அக்கா. திருட்டுத்தனமாகப் போட்டபோதெல்லாம் அச்சு அசலாக வந்தது. இன்று அவரே கேட்டுப் போடுகிறேன், கோணிவிட்டது.)