ஜங்ஷனுக்கு மோட்டார் வராது

சேலம், அம்மாபேட்டை
சுபானு வருஷம் சித்திரை மாதம் 12ஆம் தேதி

சிரஞ்சீவி குழந்தைவேலுக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். இங்கே அப்பாவும் உன் தங்கை சாரதாமணியும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், க்ஷேமம் என்று முழுதாக எழுத மனசு வரவில்லை. பம்பாயில் நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் முருகனுக்கு விளக்கேற்றிவிட்டுத்தான் வேறு வேலை பார்க்கிறேன், அதில் குறை வைக்கவில்லை. நீ அனுப்பின பெட்ரோல் கூப்பன்கள் வந்தன. சிநேகிதர் தயவில் வாங்கினவை, எந்த ஊரிலும் செல்லும், வைகாசியில் மாமனாரோடு வரும்போது ஜங்ஷனுக்கு மோட்டாரை அனுப்புங்கள், அவரை ஜட்காவில் ஏற்றினால் நமக்குக் கௌரவக் குறைச்சல் என்று எழுதியிருக்கிறாய். கூப்பன்களை இந்தக் கவரிலேயே திருப்பி வைத்திருக்கிறேன். மோட்டார் வராது. அப்பா கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும்.

தை மாதம் நீ புறப்பட்டுப் போன நாளிலிருந்து மோட்டார் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. அப்பா செவ்வாய்ப்பேட்டைக் கடைக்குச் சடையன் ஜட்காவில் போகிறார். கேட்கிறவர்களிடம் யுத்த காலம், கூப்பன் கிடைக்கவில்லை என்கிறார், டவுனில் பாதி மோட்டார்கள் அப்படித்தான் நிற்பதால் எல்லோரும் நம்புகிறார்கள். சடையன் மாத்திரம் வாயைச் சும்மா வைத்துக்கொள்ளாமல், “என்ற குருதைக்குக் கூப்பன் வேண்டாமுங்க மொதலாளி, கொள்ளு போதுமுங்க, முன்னால ஆளு நின்னாத் தானா நின்னுக்குமுங்க” என்றானாம். அப்பா அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டார், ஆனாலும் மறுநாள் அதே ஜட்காவில்தான் ஏறினார், வேறு என்ன செய்வார். சாரதாமணி பள்ளிக்கூடத்துக்குக் கரி பஸ்ஸில் போய்ப் பார்த்தாள். பின்னால் பீப்பாய் மாதிரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகிற பஸ், மேடு வந்தால் நின்றுவிடும், எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும், புடவையெல்லாம் கரியாக்கிக்கொண்டு வந்து இதற்கு நடப்பதே மேல் என்று இப்போது நடந்துதான் போகிறாள். நம் மோட்டாருக்கும் அந்த மாதிரி அடுப்பு வைக்கலாம் என்று அப்பா ஒரு மிஸ்திரியை அழைத்துவந்து அளவெடுக்கச் சொன்னார். நான் கொட்டகைக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன். மிஸ்திரி சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

ஏன் என்று உனக்குத் தெரியும். மூன்று மாதத்தில் நாலு கடிதம் போட்டாய், ஒன்றிலாவது அதைப் பற்றி ஒரு வரி கேட்பாய் என்று பார்த்தேன், நீ கேட்கவில்லை, அதனால் நானே எழுதுகிறேன். விடியற்காலையில் நம் தெரு பாவுக்குச் சொந்தம். கழிகள்மேல் தெருநீளத்துக்குத் தறி நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவுகிற நேரத்தில் வண்டிக்காரன் சுற்றிக்கொண்டு போவான், பிணம் தூக்குகிறவர்கள்கூடக் காத்திருப்பார்கள். இதை வெளியூர்க்காரனுக்குச் சொல்லலாம், பத்து வயதில் பள்ளிக்கூடம் போகுமுன் கழி பிடித்த உனக்குமா சொல்ல வேண்டும்? நீ புறப்பட்ட அன்று டிரைவரைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு நீதான் ஓட்டினாய். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தாய். நாலு வீடு தள்ளியிருக்கிற செங்கோட்டையன் உனக்கு வழிவிடத்தான் பாவின் முனையை முளையில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிப் பிடித்தார். “இருங்க தம்பி, ஒரு நிமிசம், இழை அறுந்துருமுங்க” என்று அவர் சொன்னது வழியனுப்ப நின்ற எனக்கே கேட்டது. நீ மோட்டாரை நகர்த்தினாய். முன்கம்பியில் நூல் மாட்டி இழுத்தது, கயிற்றோடு அவரும் இழுபட்டுப் போய்க் கல்மேல் விழுந்தார். நீ இறங்கினாய். அவரைத் தூக்கத்தான் இறங்கினாய் என்று நினைத்தேன். பேனாக்கத்தியை எடுத்து நூலை அறுத்து மோட்டாரை விடுவித்துக்கொண்டு, அப்பா பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாய்.

அப்பா பார்த்துக்கொண்டார்தான். வைத்தியம் செய்தார், நூல் கிடைக்காத இந்தக் காலத்தில் அந்தப் பாவுக்கு உண்டான நூலும் கொடுத்தார். அந்தச் செலவைக் கணக்கில் மோட்டார் ரிப்பேர் என்று எழுதச் சொன்னார், நான் செங்கோட்டையன் என்று பேர் போட்டுத்தான் எழுதினேன். இடுப்பெலும்பு கூடவில்லை. இனி அவர் நடக்க மாட்டாராம். இப்போது அவர் சம்சாரம் பெருமாயியும் மகளும் அவருக்குப் பதில் தெருவில் இறங்கிப் பாவு ஓடுகிறார்கள். நானும் யோக்கியதை உள்ளவள் இல்லை, மூன்று மாதமாக அந்த வீட்டைப் பார்க்கப் பயந்து பின்சந்து வழியாகக் கோயிலுக்குப் போய் வந்தேன், அப்படிப் போய்ச் சாமியிடம் என்னத்தைக் கேட்டேனோ. போன வெள்ளிக்கிழமை நேர்த்தெருவில் போய் அந்த வாசலில் ஏறினேன். பெருமாயி உட்காரச் சொல்லவில்லை. “கூப்பன் கெடைக்கலீங்களாமா? பாவமுங்க, நாலு ஊடு தாண்டி எப்படித்தான் நடந்து வந்தீங்களோ” என்றாள். அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டேன். செங்கோட்டையன் கட்டிலில் கிடந்தபடி அவளை அதட்டிவிட்டு என்னைப் பார்த்து, “அன்னைக்குத் தம்பிக்கு ரயிலு கெடைச்சுதுங்களா?” என்று கேட்டார். குத்தலாகக் கேட்டாரா, மெய்யாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாரா, அந்த முகத்தைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை. கிடைத்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் குழந்தைவேலு வந்து சொல்லுவானுங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆகையால் வைகாசியில் நீ வர வேண்டும். மாமனாரை ஜட்காவில் ஏற்று, கௌரவம் போனால் போகட்டும். நீ தெருமுனையில் இறங்கி நட. முதலில் அந்த வீடு, அப்புறம் நம் வீடு. உன்னால் ஆகாது என்றால் லீவு கிடைக்கவில்லை என்று மாமனாரிடம் சொல்லிவிட்டு அங்கேயே இரு, இல்லாத காரணம் சொல்லுவது நம் வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது. பெற்றவள் சாபம் கொடுக்க மாட்டேன் சாமி, பயப்படாதே, முருகன் உன்னையும் மருமகளையும் நன்றாக வைக்கட்டும், அவள் வயிற்றில் நல்ல பிள்ளை பிறக்கட்டும். வருகிற தேதியை மறக்காமல் ஒரு கார்டில் எழுது. அன்றைக்கு நான் நம் வாசலில் ஆரத்தி வைத்துக்கொண்டு நிற்க மாட்டேன், செங்கோட்டையன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு
உன் தாயார்
நல்லம்மாள்