வீட்டில் தம்பதிகள் எத்தனை

வடகரை,
ஞாயிற்றுக்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பிறகு.

அன்பு மகன் ஆசிபுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நான், உம்மா, மருமகள் நஸீபா, பேத்தி குட்டி ஜுஹைனா நாலு பேரும் சுகம், தம்மாமில் நீயும் உன் அறையில் இருக்கும் பிள்ளைகளும் அதுபோலவே சுகமாக இருக்க ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். சாரல் இந்த வருஷம் நன்றாகப் பிடித்திருக்கிறது, குற்றாலத்தில் மெயினருவியில் தண்ணீர் அதிகம் வந்து இரண்டு நாள் யாரையும் குளிக்க விடவில்லை, உன் சின்னும்மா வீட்டார் மதுரையிலிருந்து வேன் பிடித்து வந்து அருவியைத் தூர நின்று பார்த்துவிட்டு நம் வீட்டில் சாப்பிட்டுப் போனார்கள். ஜுஹைனாவுக்குக் காது வலி என்று போனில் சொன்னோம் அல்லவா, தென்காசியில் காட்டியதில் சளிதான் காரணம், சொட்டு மருந்து போதும் என்று சொல்லிவிட்டார்கள், இப்போது வலி இல்லை, ஆனால் மருந்து விட வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள்.

போனில் தினம் முகம் பார்க்கும் காலத்தில் வாப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசும்போது சுற்றி எல்லாரும் இருக்கிறார்கள், சில விஷயத்தை அப்படிச் சொல்ல எனக்கு வரவில்லை. முப்பத்தொரு வருஷம் கடிதத்தில்தான் நான் இந்த வீட்டோடு பேசினேன், அந்தப் பழக்கம் போகவில்லை. நம் தெரு ஹாஜரா பீவி மகன் புதன்கிழமை தம்மாம் புறப்படுகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன், தனியாக இருக்கும்போது படி.

இரண்டு வாரம் முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டுக் கணக்கெடுக்க ஒரு டீச்சர் வந்தார்கள், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு முன்னால் வீடு வீடாக வந்து பதிவு செய்கிறார்களே அது. ஷெர்லின் என்று பேர், நஸீபா வயதுதான் இருக்கும், இப்போது பேப்பர் கிடையாது, எல்லாம் போனிலேயே தட்டுகிறார்கள். உம்மாவும் நஸீபாவும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள், நான் மட்டும்தான் வீட்டில். வாங்கம்மா என்று நாற்காலி போட்டுக் கொடுத்து, எல்லாம் நானே சொல்கிறேன் என்று தைரியமாக உட்கார்ந்தேன். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்கள், ஐந்து என்றேன், உன்னையும் சேர்த்துத்தான். உன் பேரைச் சொன்னதும் தம்பி எங்க இருக்காங்க என்று கேட்டு, சவூதியில் என்றதும் அவங்களை இதில் எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அறை எத்தனை என்றார்கள், நாலு என்றேன், டீச்சர் கண்ணாலேயே எண்ணிப் பார்த்து ஆறு இருக்கே என்றார்கள், பின்னால் உம்மா இரண்டு அறை எடுத்துக் கட்டியதை நான் மறந்தே போனேன். குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றார்கள். கிணறு என்றேன், பிறகு குழாயோ என்று சந்தேகம் வந்துவிட்டது. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் மூடிய வாய்க்காலில் போகிறதா திறந்த வாய்க்காலிலா என்று கேட்டதற்கு எழுந்து கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். டீச்சர் நல்ல பிள்ளை, சிரிக்கவில்லை. மெதுவாக, ஐயா, அம்மா எப்ப வருவாங்க, நான் நாளைக்கி வாரேன் என்று சொல்லி எழுந்துவிட்டார்கள்.

ஆசிபே, ஷார்ஜாவில் முப்பத்தொரு வருஷம் தண்ணீர் லாரி ஓட்டியவன் நான், எந்தக் கேம்புக்கு எத்தனை கேலன் எந்த வாசல் வழியாக விட வேண்டும் என்று இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் வீட்டுக் குடத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வெட்கத்தில் வாசல் வரை அவர்கள் பின்னாலேயே போனேன். பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள வீடுகளுக்கு வழி தெரியாது, நாயும் கிடக்கிறது என்றார்கள், சரி அதற்காவது உதவுவோம் என்று குடையை எடுத்துக்கொண்டு கூடவே நடந்தேன்.

கேள்வி கேட்கும்போது நான் தள்ளித்தான் நின்றேன், ஆனாலும் காதில் விழுந்தது. தேங்காய்க் குடோனுக்கு மேலே ஒரே அறையில் ஒடிசாப் பையன்கள் நாலு பேர் இருக்கிறார்கள், சொந்தமும் இல்லை ஒரே ஊரும் இல்லை, ஆனால் ஒரே பானையில் பொங்கிச் சாப்பிடுவதால் அது ஒரு குடும்பம்தானாம். தலைவர் யாரென்று டீச்சர் கேட்டதும் மூன்று பேரும் சேர்ந்து சமைக்கிறவனைக் கைகாட்டினார்கள், அவன் கரண்டியோடு வெட்கப்பட்டுக்கொண்டு நின்றான். அடுத்து பிச்சம்மாள் வீடு, புருஷன் போய்ச் சேர்ந்து பிள்ளைகள் திருப்பூரோடு இருந்துவிட்டார்கள் அல்லவா, அவள் வாசலிலேயே நின்று, ஆளும் நாந்தான், குடும்பமும் நாந்தான், தலைவியும் நாந்தான், சீக்கிரம் எழுது தாயி, அடுப்புல கொழம்பு கெடக்கு என்று முடித்துவிட்டாள். செங்கோட்டைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த ஒரு மலையாளக் குடும்பம், புருஷன் இங்கே மர வேலை, பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்கூடம். மற்றபடி நம் ஆட்கள் வீடுதான் வரிசையாக, எல்லா வாசலிலும் பெண்கள்தான் வந்து பதில் சொன்னார்கள், அவுக கத்தார், இவுக துபாய், எழுதக்கூடாதா, சரி விடுங்க என்று. எட்டுக் கோடி பேர் இருக்கிற மாநிலம் என்கிறார்கள், அதில் எத்தனை விதமாய்க் குடும்பம் நடத்துகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு வீட்டில் ஹாஜரா பீவி என்னைப் பார்த்து, அண்ணாச்சி எப்ப பயணம் என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. நோன்புக்கு முன்னால் வந்தவன், ஐந்து மாசமாகத் தெருவில் இதைத்தான் கேட்கிறார்கள்.

உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் இதுதான். நான் திரும்பவும் போகத்தான் இருந்தேன். லாரி ஓட்ட இனி வயசு விடாது, லாரி நிறுத்துகிற யார்டில் காவலுக்கு ஆள் வேண்டும் என்று பழைய முதலாளி கேட்டாராம், என்னோடு லாரி ஓட்டிய பாவூர்சத்திரம் செல்லப்பா ஷார்ஜாவிலிருந்து போன் போட்டுச் சொன்னான், நானும் சரி என்றுவிட்டேன். ஏன் என்றால், இந்த வீட்டில் எனக்கு வேலை இல்லை. உம்மா எனக்கு மட்டும் நல்ல தட்டில் சோறு வைக்கிறாள், விருந்தாளிக்கு வைக்கிற தட்டு. கரண்ட் போனால் எங்கே ஃபியூஸ் இருக்கிறதென்று நஸீபாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நான் ஏதாவது தூக்கப்போனால் நீங்க இருங்க என்கிறார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள், ஆனாலும் லீவில் வந்தவன் லீவு முடியாமல் இருக்கிற மாதிரி இருந்தது. உம்மாவிடம் சொல்லத் தைரியம் இல்லாமல், டிக்கெட் வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

மறுநாள் அஸர் தொழுகைக்கு முன்னால் டீச்சர் வந்தார்கள். உம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பதில் சொன்னாள் பார், கூட்டுக் குடிநீர்க் குழாய், ஒருநாள் விட்டு ஒருநாள், அஞ்சு மணிக்கு வரும், அஞ்சே முக்காலுக்கு நிக்கும், கிணத்துத் தண்ணி பொழங்க மட்டும், கழிவுநீர் மூடுன வாய்க்கால், ராத்திரிக்கி எனக்குச் சப்பாத்தி மத்தவங்களுக்குச் சோறு என்று, டீச்சரின் விரல் அவள் வாய்க்கு ஈடு கொடுக்க முடியவில்லை. பிறகு வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். நானு, மருமவ, பேத்தி என்று சொல்லி நிறுத்திவிட்டாள். ஐயா என்று டீச்சர் கேட்டார்கள். உம்மா கீரையைப் பார்த்துக்கொண்டே, அவுக இருக்காகளா இல்லையான்னு அவுககிட்டதான் கேக்கணும் டீச்சர், விசாவுக்கு வெள்ளைப் பின்னணியில போட்டோ எடுத்து சட்டைப்பையில வச்சிருக்காக, துவைக்கும்போது நனைஞ்சு போச்சு என்றாள்.

அவளுக்குத் தெரியும், அந்தச் சட்டையைத் துவைத்த நாளிலிருந்து பத்து நாளாகத் தெரியும், ஒரு வார்த்தை கேட்கவில்லை. டீச்சருக்குப் பாவம் என்ன செய்வதென்று தெரியவில்லை. வந்து ஆறு மாசம் ஆகலன்னா இனிமே இங்கனதான் இருப்பீங்களான்னு கேட்டுத்தான் ஐயா எழுதணும், ஆறு மாசமாவது இருப்பீங்களா என்றார்கள். கதவோரத்தில் நஸீபா நின்றாள். உம்மா கீரை உருவுவதை நிறுத்திவிட்டாள், ஆனால் நிமிரவில்லை. கல்யாணம் ஆகி முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் என்னைப் போகாதே என்று ஒருமுறையும் சொன்னதில்லை, அன்றைக்கும் சொல்லவில்லை. நான் இருக்கேன், எழுதுங்கம்மா என்றேன். டீச்சருக்குக் கேட்கவில்லை போல, திரும்பவும் கேட்டார்கள். இருக்கேன், எங்கயும் போகல என்று இரண்டாம் முறை உரக்கச் சொன்னேன்.

அடுத்த கேள்வி, இந்த வீட்டில் வசிக்கிற தம்பதிகள் எத்தனை என்பது. ஒண்ணு என்று உம்மா உடனே சொன்னாள். சொல்லிவிட்டு, இதுக்கு முந்தி ரெண்டு தடவ வந்து கேட்டாங்க டீச்சர், ரெண்டு தடவயும் நான் பூச்சியம்னுதான் சொன்னேன், மொத தடவ ஆசிப் மடியில இருந்தான் என்றாள். அழவில்லை, வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை, தண்ணீர் வரும் நேரத்தைச் சொன்ன அதே குரலில் சொன்னாள். நான் எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறேன், அவளும் எழுதியிருக்கிறாள், இதை மட்டும் அவள் எழுதவே இல்லை.

குடும்பத் தலைவர் பேரைப் பதிகிறபோது டீச்சர் என் முகத்தைப் பார்த்தார்கள், உம்மாவும் துல்கர்னைன் என்று என் பேரைச் சொல்ல வாயெடுத்தாள். ஹைருன் பீவின்னு போடுங்க என்று நான் உம்மா பேரைச் சொன்னேன். ஆம்பிள வீட்டுல இருக்கயில அது என்ன பழக்கம், ஊரு சிரிக்கும் என்று கோபப்பட்டாள். வீட்டில் இருக்கிறவர்கள் யாரை ஒத்துக்கொள்கிறார்களோ அவர்கள் பேர்தான் என்று டீச்சர் சொன்னார்கள். நான் ஒத்துக்கிடுதேன் என்றேன், நஸீபாவும் கதவோரத்திலிருந்து நானும்தான் என்றாள். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு போனை எட்டிப் பார்த்து, ரேசன் கார்டுல கைருன்னு தப்பாப் போட்டுட்டாங்க, நீங்களாவது ஒழுங்கா எழுதுங்க டீச்சர் என்றாள். எங்கள் எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

செல்லப்பாவுக்குப் போன் செய்து வரவில்லை என்று சொன்னேன். ஏலே துல்கரு, கெடைக்க மாட்டாம ஒரு வேலை கெடச்சிருக்கு, கிறுக்கு புடிச்சிருக்கால ஒனக்கு என்று ஏசினான். நடந்ததைச் சொன்னேன். பிறகு, எங்க வீட்டுலயும் வந்து கேட்டிருப்பாங்களால என்று மட்டும் கேட்டான்.

இப்போது குழாயில் தண்ணீர் பிடிப்பது நான்தான், முதல் நாள் இரண்டு குடத்தைத் தளும்ப விட்டு ஏச்சும் வாங்கினேன். பக்கத்து வீட்டு முத்துச்செல்வம் பாகற்காய் போட்டிருக்கிறான், அவனுடைய லோடு ஆட்டோவை வாரம் மூன்று நாள் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஓட்டிக் கொடுக்கிறேன். விடிகிற நேரத்தில் மலையைப் பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டுவது மனசுக்கு நன்றாக இருக்கிறது. நேற்று உம்மா எனக்கும் எல்லாருக்கும் வைக்கிற சில்வர் தட்டிலேயே சோறு வைத்தாள்.

இனி உன் விஷயம். டீச்சர் போன அன்றைக்கு அடுப்படியில் நஸீபா உம்மாவிடம், மாமி, அப்ப எனக்கும் பூச்சியம்தானா என்று கேட்டிருக்கிறாள். உம்மா அதை என்னிடம் வந்து சொன்னாள். உன்னைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை மகனே, நான் நடந்த பாதையில்தான் நீ நடக்கிறாய். ஆனால் நான் ஒருநாளும் உட்கார்ந்து எத்தனை வருஷம் என்று முடிவு செய்யவில்லை, அடுத்த லீவு அடுத்த லீவு என்று போய்விட்டது. நீ அப்படி விடாதே. அவளையும் பிள்ளையையும் அங்கே கூட்டிக்கொள்ள முடியுமா என்று கம்பெனியில் வாய்விட்டுக் கேள், முடியாது என்றால் எந்த வருஷம் திரும்புவாய் என்று ஒரு வருஷத்தைச் சொல். எங்களைத் தனியே விடுவதாக நினைக்காதே, இனி இங்கே நான் இருக்கிறேன். முடிவை எனக்குச் சொல்ல வேண்டாம், அவளிடம் சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் வேலை என்றால் உப்புப் போட்ட மோர் குடி, தொழுகையை விடாதே. ஹாஜரா பீவி மகனிடம் உம்மா பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்திருக்கிறாள், அறைப் பிள்ளைகளுக்கும் கொடுத்துச் சாப்பிடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் உடம்பில் பலமும் பிள்ளையின் அருகிலிருந்து வாழும் பாக்கியமும் தருவானாக, உம்மாவும் இந்த துஆவைச் சேர்த்து எழுதச் சொன்னாள்.

மறக்காமல் ஒன்று செய். வெள்ளிக்கிழமை போன் போட்டால் முதலில் உம்மாவிடம் பேசி, பிறகு என்னிடம் பேசி, சார்ஜ் தீரப்போகும் நேரத்தில்தான் போன் நஸீபாவிடம் போகிறது. வருகிற வெள்ளிக்கிழமை அவள் நம்பருக்கே போடு. நாங்கள் பிறகு மெதுவாகப் பேசிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வீட்டிலிருந்து உன் வாப்பா
துல்கர்னைன்