வெள்ளிக்கிழமை விமானம்

இரத்மலானை,
12-6-1948.

அன்புள்ள பூரணத்துக்கு,

நீரும் மாமாவும் சுகமாக இருப்பதை நேற்றுப் பலாலி விமானத்தளக் கம்பிவேலியோரம் கண்ணால் கண்டபடியால், அதை விசாரித்து மையைச் செலவழிக்கவில்லை. நீர் தந்த பிட்டைக் கப்டனும் நானும் மதராஸ் போய்ச் சேருமுன்பே முடித்துவிட்டோம். ஒரு குறைதான். என் முறை எப்போதும் வெள்ளிக்கிழமையில் விழுகிறது. வெள்ளிக்கிழமை உமது அடுப்பில் சைவம். மீன் பொரியல் தின்ன ஒரு சனிக்கிழமை இறங்கக் கிடைக்காதா என்றிருக்கிறது.

கேட்க வந்ததைக் கேட்காமல் திரும்பிவிட்டீர். நானே சொல்கிறேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நான் இன்னும் இரண்டாவது விமானிதான். அடுத்த வருஷம் கப்டன் ஆக்குவதாக மனேஜர் சொல்கிறார். கொஞ்சம் பொறும்.

உமது,
ஏரம்பமூர்த்தி.


தெல்லிப்பழை,
20-6-1948.

அன்புள்ள அத்தானுக்கு,

நம் கலியாணம் முடிந்து வேலையில் சேர்ந்தபோதும் இதே "அடுத்த வருஷம்"தான் எழுதினீர்கள். அந்தக் கடிதமும் என் பெட்டிக்குள் இருக்கிறது.

யுத்தத்துக்குப் போகமுன் நீங்கள் பார்த்த கிளாக்கர் வேலையைக் கவர்மெண்டு உங்களுக்காக வைத்திருக்கிறது. இந்த வருஷக் கடைசிக்குள் திரும்பாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். ஐயா இரயில்வேப் பென்சன்காரர். அவருக்கு உலகத்தில் வேறு கதை இல்லை. "பிள்ளை, உவருக்குக் கண் கொஞ்சம் மங்கினால் வேலை போச்சு. கந்தோரிலை எழுதிற வேலையெண்டால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பென்சன் எடுக்கிறமட்டும் இருக்கலாம்" என்கிறார்.

நானும் அவர் பக்கம்தான். மேகம் கறுத்தால் எனக்கு வகுப்பில் வாய் வருவதில்லை. பிள்ளைகள் கணக்கை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, அத்தான்.

அன்பு மறவாத,
பூரணம்.


இரத்மலானை,
3-10-1948.

அன்புள்ள பூரணத்துக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபிக்க வேண்டாம். நல்ல செய்தி வந்ததும் எழுதலாம் என்றிருந்தேன், வரவில்லை.

அரை வருஷத்துக்கொருமுறை டொக்டர் எங்களைச் சோதிப்பது உமக்குத் தெரியும். இந்த முறை கண்ணைக் கன நேரம் பார்த்தார். சரி என்று கையெழுத்து வைத்துவிட்டார். ஆனால் அடுத்த முறை என்ன சொல்வாரோ என்று இப்போதே யோசனை. மழை தொடங்கினால் ஓட்டம் நிற்கும். பறக்காவிட்டால் படிக்காசும் இல்லை. போன கிழமை வெளிநாட்டிலிருந்து இரண்டு கப்டன்மாரை இறக்கியிருக்கிறார்கள். பலாலிப் பாதையை அவர்களுக்குக் காட்டிக் கொடுத்தவன் நான்தான்.

ஒன்று சொன்னால் சிரிப்பீர். கடல்நீரேரியைத் தாண்டிச் செம்மண் தோட்டங்கள் தெரிந்ததும், வேலியோரம் உமது திருக்கல் மாட்டுவண்டி நிற்கிறதா என்று பார்ப்பதுதான் என் முதல் வேலை. சக்கரத்தை இறக்குவது அதற்குப் பிறகு. இதை விட்டுவிட எனக்கு மனமில்லை. ஆனால் களைத்துப்போனேன், பூரணம். நீர் சொல்லும், வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

உமது,
ஏரம்பமூர்த்தி.


தெல்லிப்பழை,
9-10-1948.

அன்புள்ள அத்தானுக்கு,

எழுதிக் கொடுங்கள்.

யுத்தத்துக்கு முன் யாழ்ப்பாணக் கச்சேரிக் கந்தோரில் இருந்தவருக்கு அங்கேயேதான் இடம் கொடுப்பார்கள் என்று ஐயா அடித்துச் சொல்கிறார். பின்னேரம் சைக்கிளில் வீட்டுக்கு வந்துவிடலாம். கிழமையில் ஆறு நாளும் மீன் பொரித்துத் தருகிறேன். வெள்ளிக்கிழமை மட்டும் பிட்டோடு சமாளியுங்கள். உங்கள் மனம் நோகும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். இனியாவது நான் நிம்மதியாக நித்திரை கொள்ள வேண்டும்.

அன்பு மறவாத,
பூரணம்.


பதுளை,
9-1-1949.

அன்புள்ள பூரணத்துக்கு,

பதுளைக் கச்சேரியில் வேலை ஏற்றுவிட்டேன். யாழ்ப்பாணத்தில் இடமில்லையாம். மாற்றம் கேட்டுப் பார்த்தேன். எனக்கு முன் கேட்டவர்களே இன்னும் காத்திருக்கிறார்கள் என்று தலைமைக் கிளாக்கர் சிரித்தார். மாமாவிடம் சொல்லும், நிரந்தர வேலைதான், பென்சனும் உண்டு. கண்ணை யாரும் சோதிக்கவில்லை.

இங்கே குளிர் எலும்புக்குள் போகிறது. போடிங் விடுதிச் சாப்பாட்டில் எல்லாக் கறியும் ஒரே கறிதான். முன்பு கிழமைக்கு அரை மணித்தியாலமாவது உம்மைக் கண்டேன். இனிச் சித்திரை வருஷப்பிறப்புக்குத்தான் லீவு. உம்மைக் குறை சொல்லவில்லை. சந்தோஷமாக இருக்கிறேன் என்று பொய் எழுதவும் வரவில்லை.

உமது,
ஏரம்பமூர்த்தி.


தெல்லிப்பழை,
15-2-1949.

அன்புள்ள அத்தானுக்கு,

உடனே மறுமொழி எழுதாதது கோபத்தாலல்ல. எழுத முகமில்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது, நித்திரைதான் வரவில்லை.

விமானம் இப்போது சனிக்கிழமைகளில் வருகிறது. உங்களுக்கு இதை எழுதவே கை கூசுகிறது. போன சனிக்கிழமை மீன் பொரித்துப் பார்சல் கட்டி, வண்டியைப் பூட்டிக்கொண்டு பலாலிக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். வேலியோரம் நின்றேன். இரண்டாவது விமானி இறங்கி வந்தார். குருநகர் ஆள், சந்தியோகு என்று பெயர், சின்ன வயது. உங்களைத் தெரியுமாம்.

"தம்பி, வேலை நிரந்தரமோ?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லை அக்கா. வாற வருஷம் கப்டன் ஆக்கிறதெண்டு சொல்லுகினம்" என்றார்.

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் எவ்வளவு சந்தோஷம்! உங்கள் முகத்திலும் அப்படித்தான் இருந்திருக்கும். நான் பார்க்காமல் விட்டுவிட்டேன். பார்சலை அவரிடம் கொடுத்துவிட்டு, வீடு வரும்வரை வண்டிக்குள் அழுதேன்.

நேற்றுப் பள்ளிக்கூடத்தில் என் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டேன். அதுவும் நிரந்தரம்தான், பென்சனும் உண்டு. ஐயா தலையில் கை வைத்தார். "பென்சன் வேலையை விடுறியே பிள்ளை? உனக்கென்ன விசர் பிடிச்சிட்டுதே?" என்று கத்தினார்.

"ஓம் ஐயா" என்றேன்.

மாதக் கடைசியில் புறப்படுகிறேன். போடிங்கை விட்டுச் சின்னதாக ஒரு வீடு பாருங்கள். அடுப்பு புகையாமல் இருந்தால் போதும். பதுளைவரை பொரித்த மீன் தாங்காது. கருவாடு கட்டிக்கொண்டு வருகிறேன். எந்த ரயில் கோச்சி என்று தந்தி கொடுப்பேன், ஸ்டேஷனுக்கு வந்து நில்லுங்கள். வெள்ளிக்கிழமை வந்து இறங்கினேனென்றால் மட்டும், சனிக்கிழமைவரை கொஞ்சம் பொறுங்கள்.

உங்கள்,
பூரணம்.