சபூராவின் இடது காது

மலாக்காவை ஜப்பானியர் பிடித்த மறுவருடம், பள்ளிக்கூடத்தில் ஜப்பானிய வாத்தியார் அறைந்த அறையில் பதினான்கு வயது சபூராவின் இடது காதிலிருந்து இரத்தம் வழிந்தது. "இனிப் போகமாட்டேன் வாப்பா" என்றவளை, பள்ளிக்கு அனுப்பாவிட்டால் சிப்பாய்கள் வீடு தேடி வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் தகப்பன் இப்ராஹீம் இடுப்பு வாரால் விளாசிவிட்டார். மறுநாள் காலையில் அவர் காஜா பெராங் முனையில் அரிசிக்கு வரிசையில் நிற்கப் போனதும், மனைவி மஜீதா இந்தச் சீட்டை எழுதி அடுப்படியில் வைத்தாள்.

"மரவள்ளிக்கிழங்கு சட்டியில இருக்கு. புள்ளைக்கு முதல்ல குடுங்க. காதுல எண்ணெய் ஊத்தாதீங்க. பாடம் எழுதச் சொல்லாதீங்க. அவ பேசினா வலது பக்கம் உட்கார்ந்து பதில் சொல்லுங்க. உங்க வாரைக் கிணத்துல போட்டுட்டேன்.

நான் பள்ளிக்கூடம் போறேன். அந்த வாத்தியார் முன்னால குனிஞ்சு, காது ஆறுறவரைக்கும் லீவு கேப்பேன். என்னை அறைஞ்சா வாங்கிக்குவேன். நீங்க வந்தா கையை ஓங்கிடுவீங்க, உங்களைச் சுட்டுருவாங்க.

மதியம் லுஹர் தொழுகைக்குள்ள நான் வரலேன்னா, அவளைத் துக்காங் எமாஸ் தெருவுல என் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருங்க."

தாளின் அடியில், இடம் போதாமல் பொடி எழுத்தில் இன்னும் இருந்தது:

"முதுகுக் காயத்துக்கு மஞ்சள் நீங்களே பூசுங்க. கையைத் தட்டிவிடுவா. தட்டிவிட்டாலும் எழுந்து போயிராதீங்க."