தரை என்னும் ஆயுதம்

டிசம்பர் 8, 1990, சனி

டுவேன் வீட்டு நிலவறையில் பகடை உருட்டினோம். ஆளுக்குச் சில பாத்திரங்களை வைத்து ஆடும் சாகச ஆட்டம். அதில் என் துறவி கிணற்றில் விழுந்தான். எங்கள் ஆட்டத்தில் ஆயுதக் காயம் மூன்று வகை: வெட்டு, குத்து, நசுக்கு. துறவியின் தாயத்து முதல் இரண்டையும் தடுக்கும். "அடியில கூரான கல்லு இருக்கும்டா, குத்துன்னு வை" என்றேன். ஆட்டத்தை நடத்துபவன் டுவேன். கடவுளின் வேலை, மேல்முறையீடு கிடையாது. "தரைதான்டா ஆயுதம். நசுக்குக் காயம். செத்தான்."

செத்த பாத்திரத்தின் விவரம் எழுதிய தாள் அடுப்புக்குப் போகும். வழக்கம்.

ஜனவரி 5, சனி

அடுத்த வாரம் கோபுர உச்சியில் எலும்பு ராஜாவோடு சண்டை. வாள் பட்டால் பாதிக் காயம். அம்பு விலா எலும்புகளுக்கு நடுவே போய்விடும். நசுக்கினால்தான் உடைவான். எங்களிடம் இருந்த ஒரே கதாயுதம், எங்களோடு ஆடிய லிராயுடையது. அவன் விஸ்கான்சின் குளிர் தாங்காமல் ஃப்ளோரிடாவுக்குக் குடிபோய்விட்டான். மிச்சம், ஆறு வருடமாக நான் வளர்த்த என் இன்னொரு பாத்திரம் குள்ளவீரன் பிராகின் வாளும், கூட ஆடும் ஆர்லீனின் வில்லும்.

"பிராகுக்கு இப்பவே ஒப்பாரி எழுதி வச்சுக்க" என்றாள் ஆர்லீன். "டுவேன் அடுப்புல விறகும் கம்மி."

சிரித்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

ஜனவரி 9, புதன்

அலுவலகத்தில் கார் காப்பீட்டு மனு. மானைப் பார்த்துத் திருப்பியவர் ஓக் மரத்தில் மோதியிருக்கிறார். மான்மேல் பழி போட்டிருக்கிறார். 'மான் தொடவே இல்லை. இடித்தது மரம்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

பேனாவை மூடப் போனவன் அப்படியே உட்கார்ந்திருந்தேன் – தொடவே வேண்டாமே?

ஜனவரி 12, சனி

பிராகுக்கு இன்னும் ஓர் அடி விழுந்தால் சாவு. டுவேன் அடுப்புக் கதவைத் திறந்தே வைத்திருந்தான்.

"ராஜாவை உச்சியிலருந்து கீழ தள்ளுறேன்" என்றேன்.

"வாளாலயா? அப்ப வெட்டு. பாதிதான்."

"வாள் உறையில இருக்கு. தோளால தள்ளுறேன். மீதியைத் தரை பாத்துக்கும்."

டுவேன் விதிப்புத்தகத்தைப் புரட்டினான். ஆர்லீன் பாலாடைக்கட்டியை மென்றபடி, "தரைதான ஆயுதம், டுவேன்? துறவியை எரிக்கிறப்ப சொன்னியே" என்றாள்.

இருபது முகப் பகடை உருண்டது. பத்தொன்பது. எலும்பு ராஜா இறங்கினான், முழுவதுமாக, துண்டு துண்டாக.

ராஜாவின் தாளை டுவேனே அடுப்பில் போட்டான். "நல்லா எரியுது" என்றாள் ஆர்லீன்.

ஜனவரி 14, திங்கள்

டுவேன் போன் செய்தான். அடுத்த சனிக்கிழமை புது தேசமாம். முழுக்கச் சமவெளி. மலை கிடையாது, மாடி கிடையாது, கிணறுகளையெல்லாம் மூடிவிட்டார்களாம்.

பிராகின் தாளுக்குப் புது உறை வாங்கினேன்.